மாதக் கணக்கை நாள் வரிசையாக விரிப்பது எப்படி? (பவர் பிஐ, காவிரி நீர்ப் பங்கு)

குறுவை · ஞாயிறு, காலை 10.12

வணக்கம். பவர் பிஐக்கு (டேட்டாவைப் படமாகக் காட்டும் மென்பொருள்) நான் புதிது. ஆபீசில் இரண்டு மூன்று ரிப்போர்ட் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். இது ஆபீஸ் வேலை இல்லை, வீட்டு வேலை.

எங்கள் அப்பா பாபநாசம் பக்கம் விவசாயம் செய்கிறார். தினமும் பேப்பரில் காவிரி நீர்வரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது அவர் பழக்கம். 2022 ஜூன் முதல் 2025 மே வரைக்கும் மூன்று நோட்டு இருக்கிறது. லீவில் உட்கார்ந்து அதை எல்லாம் டைப் செய்துவிட்டேன். தேதி, பிலிகுண்டுலுவில் (காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம்) விநாடிக்கு எத்தனை கன அடி, அவ்வளவுதான் அந்த டேபிள். பெயர் ‘தினவரத்து’.

இன்னொரு டேபிள் ‘மாதப்பங்கு’. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 177.25 டி.எம்.சி.யின் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) மாதவாரிப் பட்டியல். மொத்தம் 12 வரிசை. ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

எனக்கு வேண்டியது ஒரே படம். ஜூன் 1 முதல் ஒவ்வொரு நாளும் ‘இதுவரை வரவேண்டியது’ ஒரு கோடு, ‘இதுவரை வந்தது’ ஒரு கோடு.

முதலில் மாதத்தின் 1ஆம் தேதியைப் போட்டு காலண்டர் டேபிளோடு இணைத்தேன். 1ஆம் தேதி மட்டும் கம்பம் மாதிரி 31.24 நிற்கிறது, மற்ற நாளெல்லாம் காலி. அப்புறம் மாதப் பெயரை வைத்து மெர்ஜ் செய்தேன். இப்போது ஒவ்வொரு நாளுக்கும் 31.24 வருகிறது. ஜூலை மொத்தம் 968.44 டி.எம்.சி. மேட்டூரைப் பத்து தடவை நிரப்பிவிடலாம்! ஆண்டு மொத்தம் 5,425. அப்பாவிடம் காட்டினால் சந்தோஷப்படுவார், ஆனால் நம்பமாட்டார்.

வழி சொல்லுங்களேன்.


கணக்குப்பிள்ளை · ஞாயிறு, காலை 11.05

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் தடுக்கி விழுந்த இரண்டு இடத்திலும் நாங்கள் எல்லோரும் விழுந்து எழுந்தவர்கள்தான். வரவு நாள் அளவில் இருக்கிறது, பங்கு மாத அளவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைக்க, பங்கை நாள் அளவுக்கு இறக்கவேண்டும்.

பவர் குவெரியில் (பவர் பிஐக்குள் டேட்டாவைச் சீர்செய்யும் பகுதி) செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுவார்கள். உங்கள் 12 வரிசையில் வருஷமே இல்லை. ‘ஜூன்’ என்று இருந்தால் எந்த ஜூன்? மூன்று நீர் ஆண்டுகளையும் (ஜூன் முதல் மே வரை) தனி டேபிளாக வைத்து, இந்த 12 வரிசையை ஒவ்வொன்றோடும் சேர்த்து 36 வரிசை ஆக்குங்கள். 2023-24 நீர் ஆண்டின் ஜனவரி என்பது 2024 ஜனவரி. இதைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மே வரை ஒரு வருஷம் பின்னால் போய் உட்காரும். ஒவ்வொரு வரிசைக்கும் மாதத்தின் முதல் தேதி உண்மையான தேதியாக இருக்கவேண்டும், எழுத்தாக அல்ல.

இனி விரிப்பது. புதுப் பத்தி சேர்த்து ‘டேட் டேஸ்இன்மன்த்’ ஃபங்ஷனுக்கு முதல் தேதியைக் கொடுத்தால் அந்த மாதத்தில் எத்தனை நாள் என்று தரும். 30, 31 என்று கையால் போடவேண்டாம், உங்கள் மூன்று வருஷத்தில் 2024 பிப்ரவரி 29 நாள். பங்கை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நாள் பங்கு. அடுத்து இன்னொரு பத்தி, இதில் ‘லிஸ்ட் டேட்ஸ்’. அதற்கு மூன்று விஷயம் கொடுக்கவேண்டும்: தொடங்கும் தேதி, எத்தனை நாள், எத்தனை நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது இடத்தில் ஒரு நாள் என்கிற டியூரேஷன். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ‘லிஸ்ட்’ என்று பச்சையாகத் தெரியும். பத்தித் தலைப்பில் இரண்டு பக்கமும் பிரியும் அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தி ‘புதிய வரிசைகளாக விரி’ கொடுங்கள். 36 வரிசை 1,096 வரிசையாகும்.

விரித்த கையோடு அந்தப் பத்தியின் வகையைத் தேதி என்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் மாடலுக்குள் எழுத்தாகப் போய் விழும், காலண்டரோடு சேராது. பிறகு பழைய மாதப் பங்குப் பத்தியை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருநாள் அதை இழுத்துப் போட்டு மறுபடி 968 காட்டுவார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம்.


ராத்திரிலோடு · ஞாயிறு, மதியம் 12.30

பிள்ளைவாள் சொன்னது சரி. க்ளிக் (பவர் பிஐ போல இன்னொரு மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் யாராவது இதைத் தேடி வந்தால் அவர்களுக்காக: லோடு ஸ்கிரிப்டில் ‘வைல்’ போட்டு ‘இட்டர்நோ’ வைத்து ஒவ்வொரு வரிசையையும் மாதம் முடியும்வரை திரும்பத் திரும்பப் படிக்கவேண்டியதுதான். ஒரு பொறி இருக்கிறது. அங்கே ‘மன்த்எண்ட்’ தருவது மாதத்தின் கடைசி நாள் அல்ல, கடைசி நாளின் கடைசி நொடி. பார்க்க 31 ஜூலை என்றே தெரியும். அதைச் சாவியாக வைத்து இணைத்தால் எதுவும் சேராது, ஏன் என்று இரவு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். நான் பிய்த்திருக்கிறேன். ‘ஃப்ளோர்’ போட்டுவிடுங்கள்.

டேட்டா எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) பக்கம் இருந்தால் அங்கேயே காலண்டர் டேபிளோடு ஜாயின் செய்துவிடலாம். நிபந்தனை, தேதி மாத முதல் நாளுக்குச் சமம் அல்லது அதற்கு மேல், அடுத்த மாத முதல் நாளுக்குக் கீழ். கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்து நாள் எண்ணாதீர்கள், 31 நாள் மாதத்துக்கு 30 என்று வரும். ஒன்று கூட்ட மறந்த கணக்குகளை வைத்தே எனக்கு ஐந்து வருஷம் சம்பளம் வந்தது.


மெஷர்பிரியன் · ஞாயிறு, மதியம் 1.15

எதற்கு இத்தனை வரிசை? விரிக்கவே தேவையில்லை. மாதப் பங்கை அப்படியே விட்டுவிட்டு ஒரு மெஷர் (படம் காட்டும்போதே கணக்கிடும் சூத்திரம்) எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியும் நாள்களை எண்ணு, அந்த மாதத்தின் மொத்த நாளால் வகு, மாதப் பங்கால் பெருக்கு. முடிந்தது.

36 வரிசை 1,096 ஆவதில் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் நான் பார்த்த ஒரு மாடலில் 200 பொருள், 40 லைன் (விற்பனைத் தடம்), 36 மாதம். மாத அளவில் 2,88,000 வரிசை. அதை நாளாக விரித்தார்கள். கிட்டத்தட்ட 87 லட்சம். இத்தனைக்கும் அந்த 87 லட்சத்தில் புதிதாக ஒரு தகவல்கூடக் கிடையாது. ஒரே எண்ணை 31 தடவை நகல் எடுத்து வைத்திருக்கிறோம்.


கணக்குப்பிள்ளை · ஞாயிறு, மதியம் 2.40

அந்த மெஷரை நீங்கள் எழுதினால் சரியாக வரும். புதிதாக வந்தவர் எழுதினால் எங்கே போய் இடிக்கும் என்று சொல்கிறேன், அவர் டேபிளை வைத்தே.

ஜூன் 21 முதல் ஜூலை 10 வரை தேர்ந்தெடுக்கிறார் என்று வையுங்கள். ஜூனில் 10 நாள், ஜூலையில் 10 நாள். ஜூன் 9.19ஐ 30ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 3.06. ஜூலை 31.24ஐ 31ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 10.08. கூட்டினால் 13.14. இதுதான் சரி. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினால் மெஷர் இரண்டு மாதத்தையும் ஒன்றாக உருட்டிவிடும். பங்கு 40.43, நாள் 61, தெரிவது 20. விடை 13.26.

13.14க்குப் பதில் 1,314 வந்தால் கண்ணில் படும். 13.26 வந்தால் யார் கண்ணில் படும்? பார்த்தால் சரி மாதிரியே இருக்கிற தப்புதான் ஆளைக் கொல்லும்.


மெஷர்பிரியன் · ஞாயிறு, மதியம் 3.02

ஒப்புக்கொள்கிறேன். மாதம் மாதமாகச் சுற்றவேண்டும், ‘சம்எக்ஸ்’ போட்டு ஒவ்வொரு ஆண்டு-மாதத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். மொத்த நாளை எண்ணும்போது தேதி ஃபில்டரை விலக்கவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இருந்தாலும் பெரிய டேபிளுக்கு மெஷர்தான், அதில் மாற்றமில்லை. இவருடைய 36 வரிசைக்கு எதுவானாலும் சரி. விரித்தால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம், அந்த வசதியை மறுக்கவில்லை.


குறுவை · ஞாயிறு, இரவு 9.48

எல்லோருக்கும் நன்றி. விரித்தேன், 1,096 வரிசை வந்தது. கோடும் வந்தது. ஆனால் மூன்று சிக்கல்.

ஒன்று, ஜனவரி 1 அன்று ‘இதுவரை’ கோடு பூஜ்யத்துக்கு விழுந்துவிடுகிறது.

இரண்டு, ஆண்டு மொத்தம் 177.25 வரவேண்டும். 177.45 வருகிறது. 2023-24க்கு மட்டும் 177.54. அந்த 0.20 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மூன்று, நாள் பங்கை விநாடிக்குக் கன அடியாக மாற்றிப் பார்த்தேன். ஜூன் 30 அன்று 3,546. மறுநாள் ஜூலை 1 அன்று 11,664. ஆகஸ்ட் 1 அன்று 17,156. ஒரே ராத்திரியில் மூன்று மடங்கு. படிக்கட்டு மாதிரி இருக்கிறது. இது சரியா?


ராத்திரிலோடு · ஞாயிறு, இரவு 10.20

முதலாவது சுலபம். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டும் ‘டோட்டல்ஒய்டிடி’ தானாக டிசம்பர் 31ஐத்தான் ஆண்டு முடிவு என்று எடுத்துக்கொள்ளும். கடைசி இடத்தில் ஆண்டு முடிவு மே 31 என்று கொடுங்கள்.

இரண்டாவது: நாள் பங்கை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தீர்களா?


குறுவை · ஞாயிறு, இரவு 10.31

ஆமாம். அசிங்கமாக 1.007741935 என்று வந்தது, அதனால் செய்தேன்.


ராத்திரிலோடு · ஞாயிறு, இரவு 10.52

அதுதான். ஜூலைக்கு நாள் பங்கு 1.01 ஆகிவிட்டது, 31 நாளுக்கு 31.31. செப்டம்பருக்கு 1.23, 30 நாளுக்கு 36.90, வரவேண்டியது 36.76. சில மாதம் கூடும், சில மாதம் குறையும், ஆண்டு முழுக்கக் கூட்டினால் 0.20 அதிகம். 2023-24 மட்டும் தனியாக நின்றதும் அதனால்தான், அந்தப் பிப்ரவரிக்கு 0.09 என்று 29 தடவை கூடியிருக்கிறது. நல்லவேளை அந்த ஆண்டையும் சேர்த்துச் சொன்னீர்கள், உடனே பிடிபட்டது.

0.20 டி.எம்.சி. என்றால் சின்ன விஷயம் இல்லை. விநாடிக்கு 2,300 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீர். ரவுண்ட் செய்கிற ஸ்டெப்பை அழித்துவிடுங்கள். டேட்டாவில் முழு எண் இருக்கட்டும், படத்தில் மட்டும் இரண்டு தசமம் காட்டுங்கள்.

பணக் கணக்கில் அப்படி விடமுடியாது, ஒவ்வொரு நாளும் முழு ரூபாயாக வேண்டும் என்பார்கள். அங்கே நான் செய்வது இது: ஒரு லட்சத்தை 31ஆல் வகுத்து ரவுண்ட் செய்யாமல், ‘இன்றுவரை எவ்வளவு’ என்பதை ரவுண்ட் செய்வேன். முதல் நாள் வரை 3,226, இரண்டாம் நாள் வரை 6,452, மூன்றாம் நாள் வரை 9,677, நான்காம் நாள் வரை 12,903. நேற்றுவரை உள்ளதை இன்றுவரை உள்ளதிலிருந்து கழித்தால் நாள் பங்கு: 3,226, 3,226, 3,225, 3,226. மாதக் கடைசியில் சரியாக ஒரு லட்சத்தில் வந்து நிற்கும். எந்த நாளிலும் பிசிறு கிடையாது.


லைன்சேல்ஸ் · திங்கள், காலை 7.15

அந்தப் படிக்கட்டைப் பற்றி என் அனுபவம். நான் மளிகைப் பொருள் விநியோகத்தில் இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சேல்ஸ்மேன் டார்கெட் மாதத்துக்கு 6,20,000. ஒரு புண்ணியவான் அதை 31ஆல் வகுத்து நாளுக்கு 20,000 என்று போர்டில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லைனே கிடையாது. ஆனால் போர்டில் ஞாயிறு சிவப்பு. திங்கள் காலை மீட்டிங்கில் ‘நேற்று ஏன் பூஜ்யம்?’ என்று கேள்வி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டார்கள்.

டிசம்பர் 2024 எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஞாயிறு. கிறிஸ்துமஸைக் கழிக்காமலே 26 நாள்தான். நாளுக்கு 23,846 ஓட்டவேண்டும். போர்டை நம்பி நாளுக்கு 20,000 ஓட்டின பையன் சனிக்கிழமை வரை பச்சையில் இருப்பான், மாதக் கடைசியில் ஒரு லட்சம் துண்டு விழும்.

காலண்டர் டேபிளில் ‘எடை’ என்று ஒரு பத்தி வையுங்கள். ஞாயிறு 0, மற்ற நாள் 1. மாதத் தொகையை அந்த நாளின் எடையால் பெருக்கி, அந்த மாதத்தின் மொத்த எடையால் வகுங்கள். எல்லா நாளுக்கும் எடை 1 என்றால் பழைய கணக்கே வரும், அதனால் எதுவும் கெடாது.

தீபாவளியில் மட்டும் ஜாக்கிரதை. போன வருஷத்து நாள்வாரி விற்பனையைப் பார்த்து எடை போடலாம் என்று ஒருவர் கிளம்பினார். 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. நவம்பர் முதல் வாரத்துக்கு மலைபோல எடை, கடைவீதியில் ஈ ஓடவில்லை. தேதியைப் பார்க்காமல் ‘தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்று பார்த்துத்தான் எடை போடவேண்டும்.


மதகு · திங்கள், காலை 9.30

தம்பி, நான் நீர்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது, என் பேரன் இந்த இழையைக் காட்டினான். தண்ணீர்க் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜூன் 30க்கும் ஜூலை 1க்கும் நடுவில் ஆற்றில் அப்படி ஒரு படி கிடையாது. நீங்கள் வகுத்ததால் வந்த படி அது. நாளுக்கு இத்தனை கன அடி என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தந்த இறுதித் தீர்ப்பில் மாதவாரி அளவு சொல்லி, அதை ஒழுங்காற்று அமைப்பு பத்து பத்து நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. பத்து நாள்தான் அடிப்படை. அதற்குக் கீழே போனால் அது நம் கற்பனை.

கற்பனை செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. நாங்களும் அலுவலகத்தில் ‘இன்றைய தேதி வரை விகிதாசாரப்படி’ என்று கணக்குப் போடத்தான் செய்வோம். ஆனால் 17ஆம் தேதி 11,664 வரவேண்டும், 9,000தான் வந்தது என்று ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் தப்பு. 18ஆம் தேதி 15,000 வந்திருக்கும்.


குறுவை · திங்கள், காலை 9.55

தம்பி இல்லை ஐயா, பொண்ணு 🙂

பத்து நாள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. அப்படியானால் நான் விரித்ததே வீணா?


மதகு · திங்கள், காலை 10.20

மன்னிக்கணும் அம்மா. குறுவை என்று பெயர் பார்த்ததும் பையன் என்று நினைத்துவிட்டேன், என் பழக்கதோஷம்.


கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 11.00

வீண் இல்லை. விரித்ததால்தான் பத்து நாள் கணக்கே சுலபமாகிறது. காலண்டரில் ஒரு பத்தி: தேதி 1 முதல் 10 வரை ‘முதல் பத்து’, 11 முதல் 20 ‘இரண்டாம் பத்து’, 21 முதல் மாத முடிவு வரை ‘மூன்றாம் பத்து’. ஜூலையின் மூன்றாம் பத்தில் 11 நாள், பிப்ரவரியில் 8 அல்லது 9. நாள் வரிசை இருப்பதால் அந்தந்தப் பத்துக்கு எத்தனை நாளோ அத்தனை பங்கு தானாகக் கூடிவிடும். படத்தில் தினக் கோடு வேண்டுமென்றால் புள்ளிக் கோடாகப் போட்டு, தலைப்பில் ‘மாதப் பங்கைச் சமமாகப் பிரித்தது’ என்று எழுதிவிடுங்கள். டேபிளிலும் பத்தியின் பெயரை ‘நாள் பங்கு’ என்று வைக்காமல் ‘சமமாகப் பிரித்த நாள் பங்கு’ என்று வையுங்கள். நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு மாதம் கழித்து இதைத் திறக்கிறவருக்கு எது வந்த எண், எது வகுத்த எண் என்று தெரியவேண்டும்.


காவேரிமைந்தன்77 · திங்கள், மதியம் 1.10

இதெல்லாம் கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது, தண்ணீர் விட்டால்தானே


நெறியாளர் · திங்கள், மதியம் 1.25

அரசியல் பேசத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே டேட்டா மட்டும்.


குறுவை · திங்கள், இரவு 8.40

மூன்றும் தீர்ந்தது. மொத்தம் மூன்று ஆண்டுக்கும் 177.25. பத்து நாள் கம்பங்களும் போட்டுவிட்டேன். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கிறது. 2022 வெள்ள ஆண்டில் வந்த கோடு எங்கேயோ போகிறது, 2023-24இல் வரவேண்டிய கோட்டுக்குக் கீழேயே கிடக்கிறது.

கை பரபரக்கிறது. மேட்டூர் அணை இருப்பும் மாதக் கடைசித் தேதிக்கு அப்பா எழுதிவைத்திருக்கிறார். அதையும் இதே மாதிரி விரித்துச் சேர்க்கலாமா? 2024இல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை, ஜூலை 28தான் திறந்தார்கள். அது ஏன் என்று அந்தக் கோட்டில் தெரியும் இல்லையா?


மெஷர்பிரியன் · திங்கள், இரவு 9.05

நில்லுங்கள் நில்லுங்கள்! இதே மாதிரி கூடாது.

பங்கு என்பது வரத்து. மாதம் முழுக்க ஓடிவந்து சேர்வது, அதனால் நாளாக வகுக்கலாம், திரும்பக் கூட்டினால் மாதம் கிடைக்கும். இருப்பு அப்படி இல்லை. மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அதை 31ஆல் வகுத்தால் நாளுக்கு 3 டி.எம்.சி. நிரம்பி வழிகிற அணை உங்கள் ரிப்போர்ட்டில் வறண்டு கிடக்கும். வகுக்காமல் அப்படியே 31 நாளுக்கும் நகல் எடுத்து, மாத மொத்தம் கூட்டினாலோ 2,900 டி.எம்.சி. எந்த அணையிலும் அடங்காது.

செய்தித்தாளில் ‘நீர்வரத்து’, ‘நீர் இருப்பு’ என்று தனித்தனியாகத்தானே போடுகிறார்கள்? எந்த மாத எண் கையில் கிடைத்தாலும் இது வரத்தா இருப்பா என்று முதலில் கேளுங்கள். விற்பனை, செலவு, டார்கெட் எல்லாம் வரத்து. ஸ்டாக், பேங்க் பாக்கி, ஆள் எண்ணிக்கை இருப்பு. விலை, வட்டி விகிதம் இரண்டிலும் சேராது, அதை வகுக்கவும் கூடாது கூட்டவும் கூடாது.

இருப்பை நாளாக விரிக்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். ஜூலை 31இல் எடுத்த அளவை ஜூலை 1 முதல் 31 வரை நகல் எடுத்தால், ஜூலை 1ஆம் தேதியே அணையில் அவ்வளவு இருந்தது என்று ஆகிவிடும். மாதக் கடைசியில் தெரிந்தது மாத முதலிலேயே தெரிந்த மாதிரி. நீங்கள் சொன்ன 2024 ஜூலையிலேயே பாருங்கள், வெள்ளம் வந்து ஏறியது மாதத்தின் பின்பாதியில். நகல் எடுத்தால் ஜூலை முதல் வாரமே அணை நிறைந்த மாதிரி தெரியும், பிறகு ஏன் 28 வரை திறக்கவில்லை என்று படம் பார்ப்பவர் கேட்பார். அளவு எடுத்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள், மாதத்துக்கு 12 இருந்தாலும் 1 இருந்தாலும் உள்ளதை உள்ளபடி. நடுவில் கோடு இழுக்காமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.


மதகு · திங்கள், இரவு 9.40

சரியாகச் சொன்னார். நடுவில் கோடு இழுத்தாலும் அடியை வைத்து இழுக்கக்கூடாது. அணை அடியில் குறுகி மேலே அகலும். 60 அடி இருந்தால் பாதி அணை என்று நினைப்பவர்கள் உண்டு, பாதிக்கு ரொம்பக் கீழே இருக்கும். மேலே ஏறும் ஒரு அடியும் கீழே ஏறும் ஒரு அடியும் ஒரே தண்ணீர் இல்லை.

அம்மா, உங்கள் நோட்டைப் பற்றி இரண்டு கேள்வி. அப்பா எழுதினது பிலிகுண்டுலு அளவா, மேட்டூர் நீர்வரத்தா? பேப்பரில் தினமும் தவறாமல் வருவது மேட்டூர்தான். பங்கு அளப்பது பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையத்தில். நடுவில் பெய்யும் மழையும் சிற்றாறுகளும் சேர்வதால் இரண்டும் ஒன்றாக இராது.

அடுத்தது, காலை 8 மணி அளவுதான் வெளியிடுவார்கள். 14ஆம் தேதி காலை 8 மணிக்கு எடுத்தது 15ஆம் தேதி பேப்பரில் வரும். நோட்டில் உள்ள தேதி எது?


குறுவை · திங்கள், இரவு 10.02

ஐயோ.

நோட்டில் இரண்டு பத்தி இருக்கிறது, ‘பிலி’, ‘மேட்’ என்று. பிலி எழுதாத நாள் சில இருந்தது, அங்கே மேட் எண்ணையே போட்டு நிரப்பிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தேதி பேப்பர் தேதிதான் என்று நினைக்கிறேன். அப்பா தூங்கிவிட்டார், காலையில் கேட்கிறேன்.


ராத்திரிலோடு · திங்கள், இரவு 10.15

பிலி இல்லாத நாளை காலியாக விடுங்கள். பூஜ்யமும் போடாதீர்கள், காலியும் பூஜ்யமும் வேறு வேறு. பத்து நாள் கம்பத்தின் மேல் ‘இத்தனை நாள் அளவு இல்லை’ என்று ஒரு எண் வந்தால் போதும்.


மதகு · செவ்வாய், காலை 6.50

காலை 8 மணி ஓட்டத்தை நாள் முழுக்க அதே ஓட்டம் என்று வைத்துத்தான் நீங்களும் டி.எம்.சி. கணக்குப் போட்டிருப்பீர்கள். விநாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 0.864 டி.எம்.சி. என்று. வெள்ள நாள்களில் காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். அதனால் வந்த கோடும் கொஞ்சம் வகுத்த கோடுதான்.


குறுவை · செவ்வாய், காலை 8.25

அப்பாவிடம் பேசினேன். பேப்பர் தேதிதான். ஆகவே எல்லா வரிசையையும் ஒரு நாள் பின்னால் தள்ளவேண்டும், பவர் குவெரியில் ஒரே ஸ்டெப். 2025 மே 31க்கான அளவு ஜூன் 1 பேப்பரில் இருக்கும், அது மூன்றாவது நோட்டில் இல்லை. நான்காவது நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போனை வைக்கப்போகும்போது ஒன்று சொன்னார். ‘பேப்பர் வராத அன்னிக்கு ரேடியோல கேட்டு எழுதினேம்மா.’ ரேடியோ என்றால் அன்றைக்கே எடுத்த அளவு, அந்த வரிசையைத் தள்ளக்கூடாது. எந்தெந்த நாள் என்று நோட்டில் குறிப்பு இல்லை. பேப்பர் வராதது பொங்கலுக்கு மறுநாள், தீபாவளிக்கு மறுநாள், ஆயுத பூஜைக்கு மறுநாள்... இன்னும் எதெல்லாம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? மூன்று வருஷத்துக்கும் வேண்டும்.


லைன்சேல்ஸ் · செவ்வாய், காலை 8.41

கடைக்குப் பேப்பர் போடுகிற பையனைக் கேட்டுச் சொல்கிறேன். லீவு நாள் அவனுக்குத்தான் மனப்பாடம்.